கேளுங்கள், சொல்கிறோம்: சிரிக்க வைக்கும் ராட்சத ரோபோ

கேள்வி: நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு ராட்சத ரோபோ வரும் ஜப்பானிய அனிமே என்றால் உயிர். ஆனால், நான் பார்த்த தொடர்களிலெல்லாம் போரும் சாவும்தான். சிரித்துக்கொண்டே பார்க்க ஏதேனும் உண்டா?
– வாசகி ஒருவர், மாட்டுங்கா, மும்பை

பதில்: உண்டு. 1979-இல் 'குண்டம்' என்ற ராட்சத ரோபோ போர்த் தொடரைத் தந்த அதே சன்ரைஸ் நிறுவனம், 1988 ஏப்ரல் முதல் 1989 மார்ச் வரை 45 பகுதிகளாக வழங்கிய 'மாஷின் எய்யூதென் வத்தாரு' உங்கள் மகனுக்கென்றே எடுத்ததுபோல் இருக்கும். அதன் நாயகன் வத்தாருவும் நான்காம் வகுப்பு மாணவன்தான். பள்ளியில் களிமண்ணைப் பிசைந்து அவன் செய்த பொம்மையே, சோகைசான் என்னும் மலை நிற்கும் வேற்றுலகிற்கு அவன் போய்ச் சேர்ந்ததும், ரியூஜின்மாரு என்ற ரோபோவாக உயிர்பெற்று அவனுக்குத் துணை நிற்கிறது. ரோபோக்கள் தலை பெருத்து, கைகால் குறுகி, தஞ்சாவூர்ப் பொம்மையின் சாயலில் இருப்பதால் சண்டைக் காட்சிகள்கூட அச்சுறுத்துவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தவர், உடன்வரும் சாமுராய் ஷிபராக்கு. தமது ரோபோவை வரவழைக்க அவர் மந்திரம் சொல்வதில்லை. பொதுத் தொலைபேசியைத் தேடிப்போய் அழைப்பார்! ஒரு ரூபாய் நாணயம் போட்டுப் பேசிய சிவப்புப் பெட்டியைப் பற்றி மகனுக்கு முன்னதாகவே சொல்லிவையுங்கள். அப்படியே, தாராவியில் குயவர்கள் வாழும் கும்பார்வாடா பக்கம் போகும்போது ஓர் உருண்டைக் களிமண்ணும் வாங்கிவந்துவிடுங்கள்; முதல் பகுதி முடிந்ததுமே கேட்பான்.