அசைவதைக் காட்டுவதா, அசைத்துப் பார்க்க விடுவதா?

கேள்வி: இணையவழியில் இயற்பியல் நடத்துகிறேன். பாடந்தோறும் அனிமேஷன் சேர்த்தும் மாணவர்கள் பாதியிலேயே விலகிவிடுகிறார்கள். எங்கே தவறுகிறேன்?

பதில்: உங்கள் அனிமேஷன்களில் மாணவர் செய்வதற்கு ஏதேனும் இருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். தானாக ஓடி முடியும் அசைவுப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பார்ப்பவர் ஒரு நிலையைக் கவனித்து முடிப்பதற்குள் அடுத்த நிலைக்குப் போய்விடுகிறது.

ஊசலை எடுத்துக்கொள்வோம். திரையில் 1 மீட்டர் நீள ஊசல் ஆடுகிறது. ஒரு முழு அலைவுக்கு ஏறத்தாழ 2 விநாடி ஆகிறது. ‘இது 4 விநாடியாக வேண்டுமானால் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். மாணவர் தம் விடையை எழுதிய பிறகே, நீளத்தை மாற்றும் ஸ்லைடர் (திரையில் இழுத்து நகர்த்தும் பொத்தான்) நகரும்படி அமையுங்கள். பலர் 2 மீட்டர் என்றுதான் எழுதுவார்கள். அவர்களே இழுத்துப் பார்க்கும்போது நேரம் 2.8 விநாடிதான் காட்டும். எங்கே பிசகியது என்று மேலும் இழுத்து, 4 மீட்டரில்தான் 4 விநாடி வருகிறது என்று கண்டவரிடம், அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று நீங்கள் சொல்லும்போது, அது அவர் தேடிக்கொண்டிருந்த விடையாகவே போய்ச் சேரும். குண்டின் நிறைக்கும் ஒரு ஸ்லைடர் வையுங்கள். அதை எவ்வளவு நகர்த்தினாலும் நேரம் மாறாததை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இவற்றையெல்லாம் நீங்களே உருவாக்க வேண்டியதில்லை. 2001-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன், 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ (PhET) திட்டத்தில் ஊசல் உட்படப் பல சிமுலேஷன்கள், அதாவது மாணவரே மாற்றிப் பார்க்கக்கூடிய கணினி மாதிரிகள், கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

பின்னணி இசை, சரியான விடைக்குப் பொழியும் வண்ணத்துகள்கள் போன்றவற்றை எடுத்துவிடுங்கள். பாடத்தோடு தொடர்பில்லாத படமும் ஓசையும் கற்றலைக் குறைக்கின்றன என்பதை உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கேள்வி: எங்கள் பழைய ஃபிளாஷ் அனிமேஷன்கள் இப்போது திறப்பதில்லை. புதிதாகச் செய்யும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அவற்றை இயக்கிய ஃபிளாஷ் பிளேயர் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல். 5-இல் எழுதினால் கைப்பேசி உலாவியிலும் இயங்கும். தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் அசைவது எதுவானாலும் நிறுத்தும் பொத்தான் இருக்கட்டும். ஒரு விநாடிக்கு 3 முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது. வலிப்பு நோய் உள்ள சிலருக்கு அது வலிப்பைத் தூண்டக்கூடும். பலர் மறந்துவிடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஸ்லைடர் விசைப்பலகையின் அம்புக்குறி விசைகளாலும் நகர வேண்டும். மவுஸைப் பிடிக்க இயலாத மாணவரும் அந்த ஊசலை நீட்டிப் பார்க்க வேண்டுமல்லவா?