தெற்காசிய ஆய்வு மாநாடுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் பாடல்கள் என் பொருள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நடத்தும் தெற்காசிய மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பச் சொல்கிறார் நெறியாளர். தனியாக அனுப்புவதா, நான்கு பேர் சேர்ந்து அனுப்புவதா? – ஆய்வு மாணவி, திருநெல்வேலி

நான்கு பேராகச் சேர்ந்து அனுப்புங்கள். மேடிசன் நகரில் 1971 முதல் நடந்துவரும் மாநாடு அது, அக்டோபரில் கூடும். ஒரே நேரத்தில் பல அறைகளில் அமர்வுகள் ஓடும். எந்த அறைக்குள் நுழைவது என்பதை வருகிறவர்கள் அமர்வின் தலைப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள், ஒரு கட்டுரையின் தலைப்பைப் பார்த்து அல்ல. தனிக்கட்டுரையாக அனுப்பினால் ஏற்பாட்டாளர்களே அதைக் கிடைத்த மற்றக் கட்டுரைகளோடு சேர்த்து ஓர் அமர்வாக்குவார்கள். உங்கள் உப்பளப் பாடலுக்கு அடுத்து முகலாயர் கால நில வரி வரலாம். அந்தக் கட்டுரையைக் கேட்க வந்தவருக்கு உங்களிடம் கேட்க ஒன்றும் இருக்காது.

உப்பு என்பதையே அமர்வின் பொருளாக்குங்கள். குஜராத்தின் சிறிய ரண் பகுதியில் உப்பு விளைவிக்கும் அகரியா மக்களைப் பற்றி எழுதுகிறவர் ஒருவர், இலங்கையின் ஆனையிறவு அல்லது புத்தளம் உப்பளங்களை ஆராய்கிறவர் ஒருவர், 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தைத் தொழிலாளர் பக்கமிருந்து பார்க்கும் வரலாற்று மாணவர் ஒருவர், உங்களோடு நால்வர். தமிழ் தெரியாத தெற்காசிய ஆய்வாளரும் இந்த அறைக்கு வருவார். மொழித் துறை மாநாட்டுக்கும் இத்தகைய வட்டார ஆய்வு மாநாட்டுக்கும் உள்ள வேறுபாடே இதுதான். இங்கே மானுடவியலாளரும் வரலாற்றாசிரியரும் இலக்கியத் துறையினரும் ஒரே நிலப்பரப்பைப் பற்றிப் பேச ஒரே அறையில் உட்காருகிறார்கள். தமிழ் ஆய்வு அங்கே தனி மூலையில் ஒதுங்கி நிற்கக் கூடாது என்பதில் எங்களுக்கு அழுத்தமான கருத்து உண்டு.

ஓர் அமர்வுக்கு 1 மணி 45 நிமிடம். நான்கு கட்டுரைக்குத் தலா 18 நிமிடம் என்றால் 72 நிமிடம்; கட்டுரைகளைப் பற்றிக் கருத்துச் சொல்லும் கருத்துரையாளருக்கு 10; எஞ்சுவது 23 நிமிடம்தான். ஒருவர் 25 நிமிடம் எடுத்துக்கொண்டால் அவையின் கேள்விகளில் மூன்றிலொரு பங்கு போய்விடும். நால்வரும் இணையத்தில் ஒருமுறை கூடி, நிமிடக் கணக்கோடு ஒத்திகை பாருங்கள்.

கருத்துரையாளராக உங்கள் வட்டாரத்தைச் சேராத ஒருவரைக் கேளுங்கள். முழுக் கட்டுரை மூன்று வாரம் முன்பே அவர் கையில் இருக்க வேண்டும். முதல் நாள் இரவு அனுப்பினால் "நல்ல கட்டுரை, மேலும் விரிக்கலாம்" என்ற அளவில்தான் பேச முடியும். அதற்காகவா அவ்வளவு தூரம் போவது? முன்மொழிவுக்கான கெடு மாநாட்டுக்கு ஏறத்தாழ அரையாண்டு முன்பே முடிந்துவிடும். ஆகவே ஆள் தேடும் வேலையை டிசம்பரில் தொடங்குங்கள்.

கட்டுரைச் சுருக்கம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. ஆங்கிலத்தில் பிழை இல்லை. வேறு என்ன காரணமாக இருக்கும்? – உதவிப் பேராசிரியர், காரைக்குடி

நீங்கள் இணைத்திருந்த சுருக்கத்தைப் படித்தோம். பாதிக்கு மேல் தமிழின் தொன்மையும் நாட்டார் வழக்காற்றின் சிறப்பும்தான் இருக்கின்றன. தேர்வுக்குழு அதை மறுக்கவில்லை; உங்கள் கேள்வி என்ன என்று தேடுகிறது, அது கடைசி வரியில்கூட வரவில்லை. முதல் வாக்கியத்திலேயே சான்றைச் சொல்லுங்கள்: எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை பாடல்கள், யார் பாடியது. இரண்டாவதாக, அவற்றில் உங்களுக்குப் புதிராகப் பட்டது எது. அடுத்து, அதற்கு நீங்கள் சொல்லும் விளக்கம். இதுவரை எழுதியவர்களில் யாரோடு எங்கே வேறுபடுகிறீர்கள் என்பதற்கு ஒரு வாக்கியம் போதும். "ஆராய முயல்கிறது" என்று முடிக்காதீர்கள். ஆராய்ந்து கண்டதைச் சொல்லுங்கள்.

ஏற்கப்பட்ட பிறகு, ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 120 சொல் என்று கணக்கு வையுங்கள். 18 நிமிடத்துக்கு 2,160 சொல் வரும். ஆனால் பாடல் வரிகளைத் தமிழில் சொல்லி ஆங்கிலத்திலும் சொன்னால் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கு மேல் தின்னும். மூன்று பாடலுக்கு மேல் வேண்டாம். உரையை 1,800 சொல்லில் நிறுத்துங்கள். பாடல் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒரே தாளில் அச்சிட்டு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். வேறு கணினியில் தமிழ் எழுத்துரு உடைந்து கட்டங்களாகத் தெரிவது அடிக்கடி நடக்கிறது. திரைக்காட்சியைப் பிடிஎஃப் ஆகவும் கையில் வைத்திருங்கள்.

அமெரிக்கா போகும்போது வேறு இரண்டு பல்கலைக்கழகங்களும் பேச அழைக்கின்றன, மதிப்பூதியமும் தருகிறார்களாம். வருகையாளர் விசாவில் வாங்கலாமா? – பேராசிரியர், மதுரை

வாங்கலாம், வரம்போடு. பி-1 என்னும் வருகையாளர் விசாவில் போகிறவர் ஒரு கல்வி நிறுவனத்தில் 9 நாளுக்கு மிகாத கல்விப் பணிக்கு மதிப்பூதியம் பெறலாம். முந்தைய 6 மாதத்தில் 5 நிறுவனங்களுக்கு மேல் பெற்றிருக்கக் கூடாது. விமான நிலையத்தில் வந்த நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லி அழைப்புக் கடிதங்களைக் காட்டுங்கள். நுழைந்த பிறகு ஐ-94 எனப்படும் நுழைவுப் பதிவில் பி-1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அழைத்த பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவு அதன் நகலைக் கேட்கும்.

மதிப்பூதியத்தில் பொதுவாக 30 விழுக்காடு வரியாகப் பிடிப்பார்கள். வரி ஒப்பந்தச் சலுகை கோர அந்நாட்டு வரி எண் வேண்டும், முதல்முறை போகிறவரிடம் அது இருக்காது. பயணச் செலவை மதிப்பூதியத்தோடு சேர்க்காமல், ரசீது காட்டித் திரும்பப் பெறும் செலவாகத் தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். விமானத்தில் ஏறும் அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள்.

எங்கள் கல்லூரியில் தென்கிழக்காசியா பற்றிக் கருத்தரங்கு நடத்த எண்ணம். மலேசியாவிலிருந்து இருவரை அழைக்கிறோம். "சுற்றுலா விசாவில் வந்துவிடுகிறோம்" என்கிறார்கள். – துறைத் தலைவர், திருச்சி

சம்மதிக்காதீர்கள். கட்டுரை வாசிக்க வருகிறவருக்கு மாநாட்டு விசா இருக்கிறது. அதற்கு உங்கள் அழைப்புக் கடிதமும் வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் வேண்டும். சில நாட்டவருக்கு உள்துறை அமைச்சகத்தின் அனுமதியும் தேவை. தேதியை அச்சிடுவதற்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். அழைப்பிதழை அடித்துவிட்டு அனுமதிக்குக் காத்திருப்பதுதான் கல்லூரிகளில் வழக்கமாக நேரும் தவறு.

வெளிநாட்டு நிறுவனம் நன்கொடை தருகிறது என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. பதிவு இருந்தாலும் பணம் முதலில் டெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். பேராளர்கள் கட்டும் பதிவுக் கட்டணம் நன்கொடையாகக் கருதப்படாது. இரண்டையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள்.

பயணத்துக்கு வசதி இல்லை. பக்கத்தில் எங்கே ஆய்வு உரைகளைக் கேட்கலாம்? – வாசகர், கடலூர்

புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனமும் தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் மையமும் உங்களுக்கு மிக அருகில். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

மேடிசனின் நண்பகல் உரையை இணையத்தில் கேட்கிறேன். நவம்பரில் ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்திருந்தேன். – ஆய்வு மாணவர், கோவை

அங்கே நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அதுவரை அவர்களின் பகல் 12 நமக்கு இரவு 10.30, அதன் பின் 11.30. பிரிட்டன் இதை அக்டோபர் கடைசி ஞாயிறன்றே செய்துவிடும்: லண்டனின் மாலை 5 மணி உரை நமக்கு 9.30 என்பது 10.30 ஆகும். இடைப்பட்ட நாட்களில் இரண்டு நாட்டு உரைகளையும் கேட்கிறவர்கள் குழம்புவது இதனால்தான். பதிவு செய்யும்போது இந்திய நேரத்தைக் கையால் குறித்துக்கொள்ளாமல், அவர்கள் அனுப்பும் நாட்காட்டி இணைப்பை அப்படியே கைப்பேசியில் சேர்த்துவிடுங்கள். மாற்றம் தானாகவே வந்துவிடும்.