56 எழுத்து முகவரிக்கு ஒரு சின்னப் பெயர்

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் சிலர் சேர்ந்து, கொழுந்து எடையில் பிடித்தம் பற்றிப் பெயர் சொல்லாமல் புகார் எழுத டோர் வலையில் (யார் எங்கிருந்து பார்க்கிறார் என்பதை மறைக்கும் இணைய வலை) ஒரு தளம் வைத்திருக்கிறோம். முகவரியைப் போனில் சொல்லி மாளவில்லை. ‘கொழுந்து’ என்று சின்னதாகப் பெயர் வைக்க, நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லாத அமைப்பை நாங்களே உருவாக்கலாமா?

பதில்: உருவாக்கலாம். ஆனால் ஊர் உலகத்துக்கெல்லாம் வேண்டாம், உங்கள் ஆட்களுக்கு மட்டும் போதும்.

அந்த முகவரி யாரோ பதிவு செய்து கொடுத்தது இல்லை. உங்கள் சர்வருக்கு இரண்டு சாவி: ரகசியச் சாவி உங்களிடம் மட்டும், அதன் ஜோடியான பொதுச் சாவி எல்லாருக்கும். அந்தப் பொதுச் சாவிதான் 32 பைட், பிழை பிடிக்க 2, பதிப்பு எண் 1, ஆக 35 பைட்டை எழுத்தாக்கினால் 56 வருகிறது (பதிப்பு எண் எல்லாருக்கும் ஒன்றே என்பதால் எந்த முகவரியும் ஆங்கில ‘டி’யில்தான் முடியும், கவனித்திருப்பீர்கள்). முகவரியே சாவி, அதனால் போலி சர்வர் அங்கே வந்து உட்கார முடியாது. மனசில் நிற்காது என்பதுதான் குறை. நினைவில் நிற்பது, ஏமாற்ற முடியாதது, நடுவில் ஆள் இல்லாதது, மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது கஷ்டம் என்று ஜூக்கோ என்ற கணினி நிபுணர் 2001இலேயே எழுதிவிட்டார். 2011இல் வந்த நேம்காயின் என்ற பெயர்ப் பதிவு அமைப்பு, பிளாக்செயினை (பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பதிவேடு) வைத்து மூன்றையும் பிடிக்கப் பார்த்தது. முதலில் வந்தவருக்கே பெயர் என்றதும் நல்ல பெயரையெல்லாம் வளைத்துப் போட்டுவிட்டார்கள். 2015இல் ஆராய்ந்தபோது சுமார் 1,20,000 பெயர்களில் அப்படி வளைக்கப்படாமல் உருப்படியாக ஏதாவது இருந்தவை 28தான்.

உங்கள் போனில் ‘அண்ணன்’ என்று ஒரு நம்பர் இருக்கும், என் போனிலும் இருக்கும், இரண்டும் வேறு ஆள், அதனால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. அந்த வழியிலேயே போங்கள். ஒரு பட்டியல் கோப்பு, அதில் வரிக்கு ஒரு பெயர், முழு முகவரி, காலாவதித் தேதி, அந்தத் தளத்தின் ரகசியச் சாவியால் போட்ட டிஜிட்டல் கையொப்பம். பட்டியலுக்கு வரிசை எண் கட்டாயம், இல்லாவிட்டால் பழைய பட்டியலையே புதிது என்று யாராவது தள்ளிவிடுவார்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று வெவ்வேறு ஊரில் ஐந்து பேர், அதில் மூன்று பேர் ஒப்பமிட்டால்தான் செல்லும். அந்த ஐந்து பேரின் பொதுச் சாவிகளை க்யூஆர் கோடாக அச்சடித்து, நேரில் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யார் எந்தக் குழுவில் என்ற தடம் விழும்.

அப்புறம், ‘கொழுந்து எங்கே?’ என்று சர்வரிடம் கேட்கவே கூடாது, அந்தக் கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும். முழுப் பட்டியலையும் டோர் வழியாக இறக்கி போனிலேயே தேடுங்கள். 200 பெயர் இருந்தாலும் 100 கேபியைத் தாண்டாது.

முதல் ஆறு எழுத்தைப் பார்த்துத் தளத்தை நம்பும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அதே ஆறு எழுத்தில் போலி முகவரி செய்யச் சராசரியாக 107 கோடி முயற்சி, சாதாரண லேப்டாப்புக்கு அது பெரிய வேலையே இல்லை. தளத்தின் ரகசியச் சாவியை இரண்டு பென்டிரைவில் பூட்டி வையுங்கள், தொலைந்தால் முகவரியும் போச்சு.

தமிழில் பெயர் வைப்பதால் ஒரு தொல்லை உண்டு. ‘கொ’வில் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறியாகவும் பதியலாம்; கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஒப்பிடும் முன் யூனிகோடு முறைப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். தமிழ் எண்களைப் பெயரில் அனுமதிக்கவே வேண்டாம். ௧டை (முதலில் இருப்பது தமிழ் எண் 1), கடை, இந்த இரண்டையும் உங்கள் போனில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புரியும்.