மொழி மேடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஸ்பானிய மொழியில் இப்போது நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்ல ‘எஸ்தார்’ (இருத்தல்) என்னும் வினையோடு ‘ஆந்தோ’, ‘இயெந்தோ’ விகுதி பெற்ற வடிவத்தைச் சேர்க்க வேண்டும் என்று பாடநூலில் படித்தேன். ஆனால் தொடர்களில் வருகிறவர்கள் ‘கே ஆசெஸ்?’ (என்ன செய்கிறாய்?) என்று சாதாரண நிகழ்காலத்திலேயே கேட்கிறார்கள். எது சரி?
– வாசகர், திருச்சி

பதில்: இரண்டும் சரி. ‘என்ன செய்கிறாய்?’ என்று நாம் கேட்டால் இந்த நொடியில் செய்வதையும் குறிக்கலாம், வழக்கமாகச் செய்வதையும் குறிக்கலாம். இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்கிறோம். ‘கே ஆசெஸ்?’ என்பதும் அப்படித்தான். மழையைப் பார்த்து ‘யுவெபெ’ (பெய்கிறது) என்றாலும் ‘எஸ்தா யோபியெந்தோ’ (பெய்துகொண்டிருக்கிறது) என்றாலும் பிழையில்லை. பின்னது செயல் கண்முன் நடப்பதை அழுத்திச் சொல்கிறது. ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானியம் படிக்கிறவர்களுக்குத்தான் இது குழப்பம், ஏனெனில் அங்கே இவ்விரண்டையும் கண்டிப்பாகப் பிரித்துவிடுகிறார்கள்.

வடிவம் எளிது. ‘ஆர்’ என முடியும் வினைகள் ‘ஆந்தோ’ பெறும். ‘எர்’, ‘இர்’ என முடிபவை ‘இயெந்தோ’ பெறும். ‘எஸ்தோய் கோமியெந்தோ’ என்பதை ‘உண்டுகொண்டு இருக்கிறேன்’ என்று சொல்லுக்குச் சொல் பொருத்தலாம்: ‘எஸ்தோய்’ நம் ‘இருக்கிறேன்’; மற்றது வினையெச்சம் போன்றது. ‘தொர்மிர்’ (தூங்குதல்) ‘துர்மியெந்தோ’ ஆவது போன்ற சில திரிபுகளை மட்டும் மனப்பாடம் செய்தாக வேண்டும்.

தமிழர் தடுமாறும் இடம் வேறொன்று. நாற்காலியில் ஏற்கெனவே அமர்ந்திருப்பவரைப் பற்றி ‘உட்கார்ந்துகொண்டிருக்கிறார்’ என்று நாம் தயங்காமல் சொல்கிறோம். அதை அப்படியே மாற்றி ‘செ எஸ்தா செந்தாந்தோ’ என்றால், அவர் இப்போதுதான் உடலைத் தாழ்த்தி உட்காருகிறார் என்று கேட்பவர் புரிந்துகொள்வார். அமர்ந்த நிலைக்கு ‘எஸ்தா செந்தாதோ’ என்பதே வடிவம். சட்டை அணிந்துகொண்டிருப்பதிலும் இதே சிக்கல் உண்டு: உடலில் இருக்கும் சட்டைக்கு ‘யேபா’, கையை உள்ளே நுழைக்கும் அந்தக் கணத்துக்கு மட்டுமே ‘செ எஸ்தா போனியெந்தோ’. நாளைய பயணத்தைச் சொல்லவும் ‘எஸ்தார்’ வேண்டாம். நாம் ‘நாளைக்குப் போகிறேன்’ என்பதுபோல ‘மாஞானா போய்’ என்றால் போதும்.

இன்னும் சுவையானது, ‘எஸ்தார்’ இருக்கும் இடத்தில் வேறு வினைகளை வைத்துச் செயலின் போக்கையே மாற்றிக் காட்டுவது. ‘வளர்ந்துகொண்டே போகிறது’ என நாம் ‘போ’ சேர்ப்பதுபோல அவர்களும் ‘போ’ என்னும் வினையைச் சேர்த்து ‘பா கிரெசியெந்தோ’ என்கிறார்கள்; ‘சொல்லி வருகிறேன்’ என்பதற்கு ‘வா’ என்னும் வினையைச் சேர்த்து ‘பெங்கோ திசியெந்தோ’ என்கிறார்கள். மழை இன்னும் விடவில்லை என்றால் ‘சிகெ யோபியெந்தோ’. இரண்டு ஆண்டுகளாக ஸ்பானியம் படிப்பவர் ‘யேபோ தோஸ் ஆஞோஸ் அப்ரெந்தியெந்தோ எஸ்பாஞோல்’ என்பார். ‘சும’ என்னும் பொருளுடைய வினை இங்கே கடந்துவந்த காலத்தைச் சுமக்கிறது. பாடநூல்கள் இவற்றைக் கடைசி அத்தியாயங்களுக்குத் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. தமிழ் மாணவருக்கு இவற்றை முதலிலேயே கற்பிக்கலாம்.

கேள்வி: ‘என்ன நடக்கிறது?’ என்பதற்கு அகராதியில் பல வினைகள் உள்ளன. எதைப் பயன்படுத்துவது?
– வாசகி, புதுச்சேரி

பதில்: பேச்சில் ‘பாசார்’ போதும். ‘கே எஸ்தா பாசாந்தோ?’ என்பது கூச்சல் கேட்டு எட்டிப் பார்ப்பவரின் கேள்வி. ‘கே பாசா?’ என்பதையும் அப்படிக் கேட்கலாம். ஸ்பெயினில் நண்பர்களுக்குள் அது ‘என்னப்பா!’ என்பது போன்ற வெறும் விசாரிப்பாகவும் வரும். ‘ஒகுரிர்’, ‘சுசெதெர்’ ஆகியவை சற்றே எழுத்து நடைக்குரியவை. முன்பே திட்டமிட்ட கச்சேரி, கூட்டம் முதலியவற்றுக்கு ‘தெனெர் லுகார்’ பொருந்தும். விபத்துக்கு அது அவ்வளவாக ஒட்டாது.

கேள்வி: ‘புத்தகங்களைக் கொண்ட பெட்டி’ என்பதற்கு நான் எழுதிய ‘உனா காஹா கொந்தெனியெந்தோ லிப்ரோஸ்’ என்பதை ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: ‘இயெந்தோ’ வடிவம் வினையைத் தழுவுவது, பெயருக்கு அடையாக அதை நிறுத்துவதை 1713இல் நிறுவப்பட்ட, மொழி விதிகளை வகுக்கும் ஸ்பானிய அரச கழகமும் ஏற்பதில்லை. ‘கொண்டு’ வினையெச்சம், ‘கொண்ட’ பெயரெச்சம் என்று பிரித்தறிந்த நமக்கு இது புதிதல்ல. ‘கே கொந்தியெனெ லிப்ரோஸ்’ என்று தனி வாக்கியமாக்கி இணைக்க வேண்டும். கொதிக்கும் நீரைக் குறிக்கும் ‘ஆக்வா இர்பியெந்தோ’, எரிவதைக் குறிக்கும் ‘ஆர்தியெந்தோ’ ஆகியவை விதிவிலக்குகள். அவற்றைக் காட்டி ஆசிரியரிடம் வழக்காடாதீர்கள்.