தாய்ச்சியா, பாகுவாவா, ஷிங்யியா? வேலூர்க்காரர்கள் கேட்டவை

வேலூர் கோட்டைப் பக்கம் காலை நடைக்கு வந்து எங்கள் சீனத் தற்காப்புக் கலைப் பயிற்சியைப் பார்த்தவர்கள் கேட்டவையும், ஆம்பூர், குடியாத்தம் வரையிலிருந்து வந்தவையும் இங்கே இருக்கின்றன.

மாஸ்டர், சீனத்து உள்முறைக் கலைகளில் எதை எடுப்பது? மூன்று பெயர் சொல்கிறார்கள். (கல்லூரி மாணவர், காட்பாடி)

தம்பி, முரட்டு பலத்தைவிடத் தளர்வையும் உடல் நிலையையும் நம்பும் தற்காப்புக் கலைகளைத்தான் உள்முறை என்கிறோம். ஷிங்யி நேர்க்கோட்டில் புகுந்து அடிக்கிற கலை. ஐந்து அடிப்படை அடிகள்தான், அவற்றையே வருடக்கணக்கில் தேய்க்க வேண்டும். பாகுவாவில் வட்டமாக நடந்துகொண்டே திசை மாற்றுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் துங் ஹைச்சுவான் அதைப் பரப்பினார். தாய்ச்சி ஹெனான் மாகாணத்துச் சென் கிராமத்தில் வேர்விட்டது. அங்கே கற்ற யாங் லூச்சான் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். மூன்றையும் கரைத்துக் குடித்த சுன் லூதாங் தன் பெயரிலேயே ஒரு தாய்ச்சிப் பாணியை விட்டுச் சென்றார். ஆக, இவை ஒன்றுக்கொன்று பகை இல்லை.

நான் பார்ப்பது வேறு. உங்கள் தோளைத் தொட்டு "இங்கே இறுக்கம்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். வாரம் ஒருமுறையாவது பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில், எந்தக் கலையில் நல்ல ஆசிரியர் கிடைக்கிறாரோ அதை எடுங்கள். சுமாரான ஆசிரியரிடம் பிடித்த கலையைக் கற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எனக்கு 62 வயது, முட்டித் தேய்மானம். தாய்ச்சி செய்யலாமா சார்? (ஓய்வுபெற்ற ஆசிரியை, சத்துவாச்சாரி)

செய்யலாம் அம்மா, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. அமெரிக்காவில் முட்டித் தேய்மானம் உள்ள 204 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2016இல் வெளியானது. 12 வாரம் தாய்ச்சி செய்தவர்களுக்குப் பிசியோதெரபிக்கு இணையாக வலி குறைந்திருந்தது.

ஆனால் தப்பாகச் செய்தால் இதே தாய்ச்சி முட்டியைக் கெடுக்கும். முன்காலில் எடையை ஏற்றி நின்று கீழே பாருங்கள். பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ முட்டியும் அதே பக்கம் பார்க்க வேண்டும். பலருக்கும் முட்டி உள்பக்கமாகச் சரியும், வலி அங்கிருந்துதான் கிளம்பும். முட்டி கால்விரலைத் தாண்டி முன்னே போகவும் வேண்டாம். இன்னொன்று, எடை ஏறிய காலை அப்படியே திருப்பாதீர்கள். முதலில் எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோங்கள், முன்பாதம் லேசானதும் குதிகாலில் திருப்புங்கள், அப்புறம் எடையை ஏற்றுங்கள். இது ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும். தாழ உட்கார்ந்து செய்யும் சென் பாணி இப்போது வேண்டாம். யாங் பாணியை உயரமான நிலையில் செய்யுங்கள், சுன் பாணி கிடைத்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும்.

தோல் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றே வேலை. வீட்டுக்கு வந்தும் நிற்கச் சொல்கிறீர்களே அண்ணே? (ஆம்பூர்)

நியாயமான கேள்வி. வேலையில் நிற்கும்போது உங்களை அறியாமலே முட்டியைப் பூட்டி, ஓர் இடுப்பில் சாய்ந்து நிற்பீர்கள். பாரம் மூட்டில் விழும். ஒரே நிலையில் அசையாமல் நிற்கும் நம் பயிற்சியில் முட்டி லேசாக மடங்கியிருக்கும், இடுப்பு பின்னால் உட்காரப் போவதுபோல் தளர்ந்திருக்கும், தலை மேலே நிமிரும், பாரம் தொடையும் பாதமும் தாங்கும். கைகள் மார்புக்கு முன் வட்டமாக. தொடை நடுங்கினால் பயம் வேண்டாம், மூட்டில் குத்தினால் உடனே நிறுத்துங்கள். மூன்று நிமிடத்தில் ஆரம்பியுங்கள். வேலை முடிந்ததும் செய்யாதீர்கள். காலையில் ஷிஃப்டுக்கு முன் செய்தால் அதே நிலையை வேலை மேஜை முன்னாலும் கொண்டுவரலாம்.

சிலம்பத்தை விட்டுவிட வேண்டுமா? (குடியாத்தம்)

வேண்டவே வேண்டாம். உங்கள் காலடி வரிசை பெரிய சொத்து. தோளைத் தூக்கிச் சுழற்றும் பழக்கத்தை மட்டும் தாய்ச்சி நேரத்தில் ஓரமாக வையுங்கள்.

யூடியூப் போதாதா? (ராணிப்பேட்டை)

1956இல் சீன அரசின் விளையாட்டுக் குழு சுருக்கித் தந்த 24 அசைவுத் தாய்ச்சி வரிசை எங்கும் கிடைக்கிறது. வரிசையை மனப்பாடம் செய்ய வீடியோ போதும். எடை எந்தக் காலில் எவ்வளவு இருக்கிறது என்பது திரையில் தெரியாது. எதிராளி மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி நின்று தள்ளும் 'புஷ் ஹேண்ட்ஸ்' பயிற்சியில்தான் அது தெரியும். அவர் மெல்ல அழுத்தும்போது நீங்கள் விறைத்தால் குதிகால் கிளம்பிவிடும், மறைக்கவே முடியாது. ஆள் கிடைக்காவிட்டால் வீட்டில் தம்பியையோ தங்கையையோ நிறுத்திப் பழகுங்கள்.

தொடாமலே ஆளைத் தள்ளுகிறார்களே, அது உள்சக்தியா? (வாலாஜா)

இல்லை. அங்கே பறந்து விழுபவர் பெரும்பாலும் தள்ளுபவருடைய மாணவராகவே இருப்பார், கவனியுங்கள். சேரப்போகும் வகுப்பில் புதியவராக நீங்கள் கையைக் கொடுங்கள். நல்ல ஆசிரியர் தயங்காமல் உங்கள் கையைத் தொட்டு, உங்கள் நிலை எங்கே உடைகிறது என்று காட்டுவார். "இன்னும் நேரம் வரவில்லை" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே பணம் வாங்குபவரிடம் இருந்து வந்துவிடுங்கள். உழைத்துச் சம்பாதித்த காசு அது.

கத்திரி வெயிலில் எப்படி? (பாகாயம்)

விடியற்காலையில் முடித்துவிடுங்கள். மாலையில் மொட்டை மாடி வேண்டாம், நம் ஊரில் இருட்டிய பிறகும் தளம் கொதிக்கும். வீட்டுக்குள் ஃபேனைப் போட்டு நிற்கும் பயிற்சி மட்டும் செய்யலாம். பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் குனிந்து எழும் அசைவுகளை அந்த நாட்களில் விட்டுவிடுங்கள்.