ஒரே நாளில் யோக்யகர்த்தா: அம்மாவும் பிள்ளைகளும் உடன் வரும்போது

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜூலையில் குடும்பத்தோடு இந்தோனேசியா போகிறோம். யோக்யகர்த்தாவுக்கு ஒரே ஒரு நாள்தான், ஞாயிறு அல்லது திங்கள். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். பிள்ளைகளுக்கு 7, 11 வயது. கைடு வைத்துக்கொண்டு பொரோபுதூர், பிரம்பனான், அரண்மனை மூன்றையும் பார்த்துவிடலாமா?"

பார்க்கலாம், ஆனால் வேண்டாம் என்பேன். பொரோபுதூர் என்கிற பழைய பௌத்த ஸ்தூபி, யோக்யகர்த்தா நகரத்துக்கு வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர். பிரம்பனான் என்கிற இந்துக் கோயில் வளாகம் கிழக்கே சுமார் 17. இரண்டையும் சேர்த்தால் பாதி நாள் காரிலேயே போய்விடும். பொரோபுதூரின் மேல்தளங்களுக்கு ஏறத் தனிச் சீட்டு, குறித்த நேரம், நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு எல்லாம் உண்டு. படிகளும் செங்குத்து. முழங்கால் வலியோடு வருபவரை அவசரப்படுத்தி ஏற்றும் இடமல்ல அது. இந்த முறை அதை விட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையையே எடுங்கள். திங்களன்று அரண்மனைக்கு விடுமுறை.

காலை ஏழு மணிக்கெல்லாம் பிரம்பனானில் இருங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வந்துவிடும். 9ஆம் நூற்றாண்டுக் கோயில். நடுவில் உள்ள சிவன் கோயில் மட்டும் 47 மீட்டர் உயரம். வளாகம் சமதளம்தான், ஆனால் ஒவ்வொரு கோயிலுக்கும் படி உயரம். அம்மா ஒன்றே ஒன்று ஏறுவதென்றால் சிவன் கோயில் ஏறட்டும். தெற்கு அறையில் தாடியும் தொந்தியுமாக நிற்பவர் நம் அகத்தியர். ஜாவா மண்ணில் அவரைப் பார்த்ததும் என் அம்மா கைகூப்பி நின்றுவிட்டார், நகர்த்தவே முடியவில்லை.

கைடுக்குக் கொடுக்கிற காசு இங்கேதான் பலன் தரும். சிவன் கோயிலின் சுற்றுப்பாதைச் சுவரில் ராமாயணம் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கிழக்கு வாசலில் தொடங்கி வலம் வர வேண்டும். தெரியாமல் எதிர்ப்பக்கம் போனால் கதை தலைகீழாகிவிடும். கடைசியில் சேது கட்டும் காட்சி. குரங்குகள் கல்லைப் போட, கீழே கடலில் மீன்கள் அந்தக் கற்களை வாயில் கவ்விக்கொண்டிருக்கும். நம் ஊர்க் கதையில் அணில், இங்கே மீன். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், அரை மணி நேரம் சத்தமே இருக்காது. மிச்சக் கதை பக்கத்தில் பிரம்மா கோயிலில் தொடரும்.

அப்புறம் அரண்மனை. க்ராத்தோன் என்பார்கள். மதியத்துக்குப் பிறகு சீக்கிரமே மூடிவிடுவதால், பதினொரு மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். காலை வேளையில் பெரும்பாலும் கமேலான் இசையோ நடனமோ இருக்கும். அம்மா மண்டபத்தில் உட்கார்ந்து கேட்கலாம். சுல்தான் குடும்பம் இன்னும் அங்கேதான் வாழ்கிறது, சுல்தானே மாகாண ஆளுநரும்கூட.

கைடு விஷயத்தில் ஒன்று. காரோடு வருகிற டிரைவர் வேறு, உரிமம் பெற்ற கைடு வேறு. டிரைவர் வாசலில் இறக்கிவிட்டு வண்டியிலேயே இருப்பார். உங்களுக்கு உள்ளே வந்து விளக்குகிறவர் வேண்டும், அதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். வாடகையில் பெட்ரோல், பார்க்கிங், நுழைவுச் சீட்டு எதெது சேர்த்தி, எத்தனை மணி நேரம் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். "கடைகளுக்கு வேண்டாம்" என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்களை ஒருவர் வெள்ளிக் கடை, காப்பித் தோட்டம் என்று சுற்றவைத்ததில் அரண்மனையே கைவிட்டுப் போனது. அன்று பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

சாப்பாட்டில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஊரின் பேர்போன குடெக், பிஞ்சுப் பலாவைத் தேங்காய்ப்பாலில் வேகவைப்பது. கேட்க சைவம் மாதிரி இருக்கும். கூடவே கோழியும் மாட்டுத்தோல் குழம்பும் வரும். அம்மாவுக்குக் கடோ-கடோ சொல்லுங்கள்: அவித்த காய்கறி, டோஃபு, மேலே வேர்க்கடலைச் சாறு. அதிலும் இறால் அப்பளம், முட்டை, தெராசி என்கிற இறால் விழுது மூன்றும் வேண்டாம் என்று கைடையே சமையல்காரரிடம் சொல்லச் சொல்லுங்கள். பைக்குள் கொஞ்சம் புளிசாதமோ சப்பாத்தியோ இருந்தால் நிம்மதி.

மதியம் கட்டாயம் ஓய்வு. ஜூலை மாதத்தில் சில மாலைகளில் பிரம்பனான் பக்கத்துத் திறந்தவெளி மேடையில் ராமாயண நாட்டியம் நடக்கும், பின்னால் விளக்கொளியில் கோபுரங்கள் தெரியும். உங்கள் நாளில் உண்டா என்று முன்பே விசாரியுங்கள். இல்லையென்றால், அல்லது அம்மா களைத்திருந்தால், மாலியோபோரோ தெருவில் பிள்ளைகளோடு ஒரு குதிரை வண்டிச் சவாரி போதும்.