தாத்தா காலத்து வேட்டை ரைஃபிளில் எது கம்பெனி பாகம், எது பிறகு மாற்றியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியோடு, உங்களுடையது பி.எஸ்.ஏ. கம்பெனியின் .315 (குழல் வாய் அளவு, இஞ்சில்) என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அதேதான். லைசென்ஸ் பெரியப்பா பெயரில். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்போம், முடிந்ததும் வாங்கி வருவோம். 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அதற்கு வேறென்ன வேலை?

போன வருஷம் பெரியப்பாவோடு மவுண்ட் ரோடு பக்கம் ஒரு துப்பாக்கிக் கடைக்கு எடுத்துப் போனோம். அங்கிருந்த பெரியவர் உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, முதலில் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கிற போல்ட்டைத்தான் கழற்றினார். பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் வாங்குகிறவன் எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஒத்துப் பார்ப்பான் இல்லையா, அதே கதைதான். போல்ட்டில் இருக்கும் எண்ணும் துப்பாக்கி உடம்பில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. வேறு துப்பாக்கியின் போல்ட் என்றால் தோட்டாவின் அடிப்பக்கம் இடைவெளி கூடிப்போகலாம். சுடும்போது தோட்டாக் கூடு கிழியும்.

அடுத்து குழல். பி.எஸ்.ஏ. பர்மிங்ஹாம் கம்பெனி. 1904 முதல் 1954 வரை அந்த ஊரில் சோதித்த குழலில் கிரீடமும் அதன் கீழே பி.வி., பி.பி., என்.பி. என்ற எழுத்துகளும் குத்தியிருக்கும். அந்தக் காலத்துக் குழலில் எந்த முத்திரையும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

நம் ஊரில் இந்த ரைஃபிளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. .303 ராணுவத் தோட்டா என்பதால் வெள்ளைக்காரன் அதைத் தனியார் கையில் விடவில்லை. அதனால் அந்த ராணுவ ரைஃபிளின் அதே போல்ட் அமைப்பில் (லீ அமைப்பு என்பார்கள்) .315 குழல் போட்டு இங்கே விற்றார்கள். அமைப்பு ஒன்று என்பதால் ராணுவத் துப்பாக்கியின் திருகாணி, ஸ்பிரிங் போன்ற சில்லறைச் சாமான்கள் இதிலும் உட்கார்ந்துவிடும். ஏதாவது பாகத்தில் சின்ன அம்புக்குறி தெரிந்தால் அது பெரும்பாலும் ராணுவ ஸ்பேர்.

பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். பஃப் வைத்துத் தேய்த்து மறுபடி கறுப்பேற்றியிருந்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கி, திருகாணிக் குழிகளின் வாய் கிண்ணம் மாதிரி அகன்றிருக்கும். மங்கிப்போய், எழுத்து மட்டும் கூர்மையாக நிற்கிற துப்பாக்கிதான் என் கண்ணுக்கு அழகு. நீங்களாக உப்புத்தாள் போட்டு, துப்பாக்கியில் குத்தியிருக்கும் நம்பரைத் தேய்த்துவிடாதீர்கள். அந்த நம்பரை அழிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

கடைசியில் கட்டை, அதாவது தோளில் அணைத்துப் பிடிக்கிற மரப்பாகம். கம்பெனிக் கட்டையில் மரம் இரும்பை விட மயிரிழை உயர்ந்து நிற்கும். இழைத்துப் பாலிஷ் போட்டால் தாழ்ந்துவிடும். எங்களுடையதைப் பெரியவர் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "இது ஈட்டி மரம் சார், வால்நட் இல்ல" என்றார்.

அப்போதுதான் பெரியப்பா வாயைத் திறந்தார். "அதுவா, ஜீப்லேருந்து விழுந்து பொளந்துடுச்சுடா. நம்ம வீட்டுக் கதவு செஞ்ச ஆசாரிதான் இதையும் செஞ்சு குடுத்தார்."

வால்நட் கட்டை என்று இருபது வருஷமாக ஆபீஸில் பெருமை அடித்துக்கொண்டிருந்தவன் நான்.